டர்ன் ஆஃப் இட், லுக் இட் அட்: குட்டிச் சொல் யார் வீட்டுப் பிள்ளை?

ஜூன் 2, காலை 7.40 | வால்மீன்

'டர்ன் ஆஃப் த லைட்' சரி. 'டர்ன் த லைட் ஆஃப்' அதுவும் சரி. 'டர்ன் இட் ஆஃப்' சரி. 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் தப்பாம். பக்கத்திலேயே 'லுக் அட் இட்' சரி, 'லுக் இட் அட்' தப்பு. இதற்கெல்லாம் விதி கிடையாது, பட்டியலை உருப்போடுவது ஒன்றே வழி என்பது என் கட்சி. விதி இருக்கிறது என்பவர்கள் சொல்லுங்கள், பார்க்கலாம்.

ஜூன் 2, காலை 9.15 | அரைப்புள்ளி

விதி இருக்கிறது. அதற்கு முன் ஓர் ஏற்பாடு: தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டு சொற்கள் குழம்பும். இந்த இழை முழுக்க 'ஆஃப்' என்றால் விலகல் (விளக்கை அணைப்பதில் வருவது), 'ஆவ்' என்றால் உடைமை. இந்த இரண்டையும் ஆங்கிலத்திலேயே மாற்றி எழுதுபவர்கள் நிறைய, அதனால் இது வீண் கவலை இல்லை.

இப்போது விஷயம். 'டர்ன் ஆஃப்'-இல் உள்ள 'ஆஃப்' பிரெபொசிஷனே இல்லை. அது வினையடை, இலக்கணக்காரர்கள் பார்ட்டிகிள் என்பார்கள். வினையோடு சேர்த்தி. 'லுக் அட்'-இல் உள்ள 'அட்' பிரெபொசிஷன். பின்னால் வரும் பெயரோடு சேர்த்தி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி குட்டிச் சொற்கள். சொந்தம் மட்டும் வேறு. வினைக்குச் சொந்தமானது நகரும், பெயருக்குச் சொந்தமானது அந்தப் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்.

பாடப் புத்தகங்களில் தேய்ந்துபோன உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவானது இன்னும் கிடைக்கவில்லை:

'ஹி ரான் அப் எ ஹில்' - குன்றின் மேல் ஓடினான்.
'ஹி ரான் அப் எ பில்' - கடன் ஏற்றிக்கொண்டான்.

ஓர் எழுத்துதான் வித்தியாசம். சோதித்துப் பாருங்கள்.

பிரதிப்பெயர் சோதனை: 'ஹி ரான் அப் இட்' என்றால் குன்று. 'ஹி ரான் இட் அப்' என்றால் கடன். மாற்றிப் போட முடியாது.

முன்னகர்த்தும் சோதனை: 'அப் விச் ஹில் டிட் ஹி ரன்?' விறைப்பாக இருந்தாலும் ஆங்கிலம்தான். 'அப் விச் பில் டிட் ஹி ரன்?' ஆங்கிலமே இல்லை. வினையின் உடம்பில் இருக்கும் ஒரு துண்டைப் பெயர் இழுத்துக்கொண்டு போக முடியாது.

இடைச்செருகல் சோதனை: 'ஹி ரான் குயிக்லி அப் த ஹில்' வரும். 'ஹி ரான் குயிக்லி அப் த பில்' வராது.

மூன்றிலும் முதலாவது போதும், தினசரிப் பயன்பாட்டுக்கு. சந்தேகம் வந்தால் பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 2, மதியம் 12.05 | வால்மீன்

'இட்' எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் கேள்வி கேட்கிறேன்? உங்கள் சோதனை ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவனுக்கு.

ஜூன் 2, மதியம் 12.30 | அரைப்புள்ளி

நியாயம். அப்படியானால் காதை வைத்துப் பிடியுங்கள். வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்போது பார்ட்டிகிள் அழுத்தம் வாங்கும், பிரெபொசிஷன் வாங்காது. 'த வேர்ட் ஐ லுக்ட் அப்' என்பதில் 'அப்' ஓங்கி ஒலிக்கும். 'த பிக்சர் ஐ லுக்ட் அட்' என்பதில் 'லுக்ட்' ஓங்கும், 'அட்' அமுங்கிவிடும். கேட்கும் எந்த ஒலிப்பதிவிலும் இதைக் கவனிக்கலாம், இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

காதும் கைகொடுக்காவிட்டால் குட்டிச் சொல்லையே பாருங்கள். 'அட், ஃபார், ஃப்ரம், ஆவ், வித், இன்டு, டு' இவை வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பிரெபொசிஷன், பிரிக்காதீர்கள். ('கம் டு' என்றால் மயக்கம் தெளிவது, அங்கே 'டு' பார்ட்டிகிள். இப்படி இரண்டொன்று உண்டு, விட்டுத்தள்ளுங்கள்.) 'அவே, பேக், அபார்ட், டுகெதர்' இவை எப்போதும் பார்ட்டிகிள். 'அப், அவுட்' இரண்டும் பெரும்பாலும் பார்ட்டிகிள். வம்பெல்லாம் 'ஆன், ஆஃப், இன், ஓவர், த்ரூ, டவுன், அரவுண்ட்' கோஷ்டியிடம்தான். இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவை அவை.

ஜூன் 2, இரவு 8.50 | ஒற்றெழுத்து

இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சாட்சி:

'ஐ சா த்ரூ ஹிம்' - அவன் வேஷம் எனக்குப் புரிந்துவிட்டது. பிரெபொசிஷன்.
'ஐ சா இட் த்ரூ' - கடைசிவரை நின்று முடித்தேன். பார்ட்டிகிள்.

'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' - நாய் அவன்மேல் பாய்ந்தது.
'ஹி டர்ன்ட் இட் ஆன்' - அதைப் போட்டான், விளக்கையோ கருவியையோ.

'ஷி காட் ஓவர் இட்' - அதிலிருந்து மீண்டாள். இங்கே 'காட் இட் ஓவர்' என்று புரட்டக் கூடாது. ஆனால் 'கெட் இட் ஓவர் வித்' என்று தனியாக ஒன்று உண்டு: தொல்லையை முடித்துத் தொலைப்பது. அதில் 'இட்' நடுவில் மட்டும்தான் வரும்.

ஜூன் 3, காலை 6.55 | அரைப்புள்ளி

நேற்றைய விதிக்கு விளிம்புகள் சில இருக்கின்றன, சொல்லாமல் விட்டால் எங்காவது இடிக்கும்.

பார்ட்டிகிள் நகரும் என்றேன். செயப்படுபொருள் நீளமானால் நகராது. 'பிக் த புக் தட் யூ லெஃப்ட் ஆன் த டேபிள் அப்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; கேட்பவர் 'அப்' வருவதற்குள் 'பிக்' என்றால் தேர்ந்தெடுப்பது என்று முடிவு கட்டியிருப்பார். நடுவில் இரண்டு மூன்று சொல்வரை தாங்கும். அதற்குமேல் 'பிக் அப்' சேர்ந்தே இருக்கட்டும். ஒரு முழு வாக்கியமே செயப்படுபொருளாக வந்தால் நடுவில் விடவே முடியாது: 'ஃபிகர் அவுட் வாட் ஹேப்பன்ட்' மட்டும்தான். 'புட் ஆஃப் கோயிங்' மாதிரி '-இங்' வந்தாலும் அதே கதி.

இதற்கு நேர் எதிராகச் சில வினைகளில் பெயர் நடுவில்தான் நிற்கும்: 'டெல் த ட்வின்ஸ் அபார்ட்' என்பதை 'டெல் அபார்ட் த ட்வின்ஸ்' என்று ஆக்க முடியாது.

ஜூன் 3, காலை 10.20 | சந்திப்பிழை

மூன்று சொல் வினைகளை மறந்துவிட்டீர்களா? 'புட் அப் வித்', 'கெட் அவே வித்', 'லுக் டவுன் ஆன்'. இதில் யார் யார் வீட்டுப் பிள்ளை?

ஜூன் 3, காலை 10.45 | அரைப்புள்ளி

நடுவில் இருப்பது பார்ட்டிகிள், கடைசியில் இருப்பது பிரெபொசிஷன். எப்போதும் அந்த வரிசைதான். கடைசியில் பிரெபொசிஷன் உட்கார்ந்திருப்பதால் மொத்தத்தையும் பிரிக்க முடியாது: 'புட் அப் வித் இட்'.

இதே வரிசையைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு எழுத்துப்பிழை தீரும். 'லாக் இன் டு' என்று மூன்றாக எழுதுவதா, 'லாக் இன்டு' என்று சேர்ப்பதா? 'லாக் இன்' தனியே நிற்கும் வினை, 'டு' போகும் இடத்தைக் காட்டுகிறது. எனவே பிரித்து எழுதுவதே இலக்கணப்படி சுத்தம். போகும் இடத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 'ப்ளீஸ் லாக் இன்' நிற்கிறதா? நின்றால் பிரியுங்கள். 'ஹோல்ட் ஆன் டு', 'கிவ் இன் டு' இவற்றுக்கும் அதே சோதனை. கணினி விஷயத்தில் 'லாக் இன்டு' என்று எழுதுபவர்களைத் தூக்கில் போட வேண்டியதில்லை, பரவிவிட்டது. ஆனால் 'ஹி டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன் டு த போலீஸ்' என்பதில் சேர்த்தால் சரணடைந்த ஆள் போலீஸாகவே உருமாறிவிடுவார்.

ஜூன் 3, காலை 11.00 | சந்திப்பிழை

நல்ல பதவி உயர்வு.

ஜூன் 3, மாலை 5.30 | ஒற்றெழுத்து

'லாக் இன்' வந்ததால் இதையும் சேர்க்கிறேன். வினையாக இருந்தால் இரண்டு சொல், பெயராகவோ அடைமொழியாகவோ இருந்தால் ஒன்றாகச் சேரும் அல்லது நடுவில் சிறுகோடு வரும். 'லாக் இன் ஹியர்' வினை. 'லாகின் பேஜ்' பெயர். 'செட் அப்', 'பேக் அப்', 'பிரேக் டவுன்', 'ஷட் டவுன்' எல்லாம் இப்படித்தான். குழப்பமாக இருந்தால் இறந்தகாலமாக்குங்கள். 'லாக்ட் இன்' என்று விகுதி நடுவில் புகுந்தால் அது வினை, பிரித்து எழுதணும். 'லாகின்ட்' என்று ஒருவரும் சொல்வதில்லை. பேச்சிலும் தெரியும்: பெயரில் முதல் அசை ஓங்கும், வினையில் பின்சொல் ஓங்கும்.

பன்மை இன்னொரு கண்ணி. 'பிரேக்டவுன்ஸ்', 'செக்அப்ஸ்' என்று கடைசியில் 'ஸ்' வரும். ஆனால் 'பாஸர்-பை' பன்மையானால் 'பாஸர்ஸ்-பை', 'ரன்னர்-அப்' என்றால் 'ரன்னர்ஸ்-அப்'. '-அர்' சேர்ந்து ஏற்கெனவே பெயராகிவிட்ட சொல் தன் பன்மையைத் தானே சுமக்கும். 'ரன்னர்-அப்ஸ்' செய்தித்தாளில் பார்த்தாலும் பின்பற்ற வேண்டாம்.

ஜூன் 4, காலை 8.10 | வால்மீன்

சரி, இடம் பிடிபட்டது. பொருள்? 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டியர் அப்' இதில் எல்லாம் என்ன மேலே போகிறது? 'பர்ன் அப்', 'பர்ன் டவுன்' இரண்டுமே எரிந்து போவதுதானே?

ஜூன் 4, காலை 9.00 | அரைப்புள்ளி

'அப்' இங்கே திசை காட்டவில்லை, முற்றும் முடிவதைக் காட்டுகிறது. தமிழில் 'விடு', 'தீர்' செய்யும் வேலை: 'சாப்பிட்டுவிடு', 'சாப்பிட்டுத் தீர்'. 'ஈட் யுவர் ரைஸ்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப் யுவர் ரைஸ்' என்றால் மிச்சம் வைக்காதே. அதனால் அளவில்லாத பெயரோடு இந்த 'அப்' ஒட்டாது. பொதுவாக 'நான் சோறு சாப்பிடுகிறவன்' என்பதற்கு 'ஐ ஈட் அப் ரைஸ்' வராது. முடிவதற்கு ஒரு எல்லை வேணும்.

'பர்ன் டவுன்' கட்டடத்துக்கு, எரிந்து தரைமட்டமாவது. 'டவுன்' பாதி திசை, பாதி முடிவு. 'பர்ன் அப்' காகிதத்துக்கு, எரிபொருளுக்கு. ஒன்றும் மிஞ்சாமல் போவது. முடிவு ஒன்றுதான், எது எரிகிறது என்பதில் வேறுபாடு.

திசைப் பொருள் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: குட்டிச் சொல்லுக்கு முன் 'ரைட்' போடுங்கள். 'ஹி கேம் ரைட் இன்' வருகிறது. திசை உயிரோடு இருக்கிறது. அகராதியில் தேடும் 'லுக் இட் அப்'-இல் 'லுக் இட் ரைட் அப்' வராது. திசை போய்விட்டது, சொற்றொடராக மட்டும் நினைவில் வைக்கணும். திசை உயிரோடு இருப்பவை வாக்கியத்தின் தலைக்கும் வரும்: 'அவுட் கேம் த சன்'. செத்தவை வராது.

எனவே வால்மீன், உருப்போட வேண்டிய பட்டியல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடத்துக்கான பட்டியல் இல்லை அது, பொருளுக்கான பட்டியல். அதிலும் 'ரைட்' வாங்கிக்கொள்பவற்றைக் கழித்துவிடலாம்.

1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி முன்னுரையிலேயே இந்தப் புலம்பல் இருக்கிறது. வினையோடு குட்டிச் சொல் ஒட்டி அர்த்தம் மாறுவதே அயலாருக்குப் பெரிய சிரமம் என்று சொல்லி, 'கம் ஆஃப், ஃபால் ஆன், ஃபால் ஆஃப், பிரேக் ஆஃப்' என்று அடுக்கிக்கொண்டு போகிறார். உங்களுக்கு நல்ல துணை.

ஜூன் 5, காலை 7.25 | ஒற்றெழுத்து

பிரெபொசிஷன் பக்கம் யாரும் போகவே இல்லையே. நம்மவர் எழுத்தில் திருத்தக் கிடைப்பது பார்ட்டிகிளைவிட இதுதான் அதிகம். வேண்டாத இடத்தில் நுழைப்பது முதல் வகை:

'டிஸ்கஸ் அபவுட்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'ஆர்டர் ஃபார்', 'ரீச் டு', 'மேரி வித்', 'கம்ப்ரைஸ் ஆவ்', 'கோப் அப் வித்'.

முதல் நான்கிலும் நோய்மூலம் ஒன்றே. அந்த வினையின் பெயர் வடிவம் பிரெபொசிஷன் கேட்கும், வினை கேட்காது. 'எ டிஸ்கஷன் அபவுட் த பிளான்' சரி. 'வி டிஸ்கஸ்ட் த பிளான்'. 'அன் எம்ஃபசிஸ் ஆன் ஸ்பீட்' சரி. 'ஹி எம்ஃபசைஸ்ட் ஸ்பீட்'. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி; 'ஐ ரிக்வெஸ்ட்டட் லீவ்'. 'லாக்' (பற்றாக்குறை என்று பொருள், 'லாக் இன்' இல்லை) பாருங்கள்: 'எ லாக் ஆவ் டைம்', ஆனால் 'வி லாக் டைம்'. பெயருக்குப் போட்ட சட்டையை வினைக்கும் மாட்டிவிடுகிறோம்.

'கோப் அப் வித்' வேறு நோய். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டின் சகவாசத்தால் 'கோப்' கெட்டுப்போனது. 'கோப் வித்' போதும்.

'என்டர் இன்டு' மட்டும் பார்த்துத் திருத்துங்கள். அறைக்குள் நுழைந்தால் 'என்டர் த ரூம்'. ஒப்பந்தம் செய்துகொண்டால் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'. அங்கே 'இன்டு' கட்டாயம்.

ஜூன் 5, காலை 9.40 | அரைப்புள்ளி

அதன் மறுபக்கம்: வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' தப்பு, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. 'டெல்' நேராக ஆளை எடுக்கும் ('டெல் மீ'), 'சே' எடுக்காது ('சே இட் டு மீ'). 'எக்ஸ்ப்ளெய்ன், சஜெஸ்ட், டிஸ்க்ரைப்' எல்லாம் 'சே' கட்சி.

இதைவிட நுணுக்கமான விடுதல் ஒன்று, தமிழிலிருந்து நேரே வருவது. 'நான் தங்கிய வீடு', 'நான் உட்கார்ந்த நாற்காலி', 'நான் எழுதிய பேனா'. வீட்டில் தங்கினேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், பேனாவால் எழுதினேன். ஆனால் பெயரெச்சம் ஆக்கியவுடன் 'இல்', 'ஆல்' எல்லாம் ஓசைப்படாமல் மறைந்துவிடுகின்றன. தமிழில் மறையத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் மறையக் கூடாது: 'த ஹவுஸ் ஐ ஸ்டேய்ட் இன்', 'த சேர் ஐ சாட் ஆன்', 'த பென் ஐ ரோட் வித்'. 'த பென் ஐ ரோட்' என்றால் பேனாவையே எழுதிப் படைத்த மாதிரி. செயப்பாட்டு வாக்கியத்திலும் இதே ஓட்டை: 'த மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு' என்பதில் 'இன்டு' விழுந்துவிடும். திருத்தும்போது வாக்கியத்தை நேராக்கிப் பாருங்கள், 'ஐ சாட் ஆன் த சேர்' என்று. நேரானதில் இருக்கும் குட்டிச் சொல் வளைத்ததிலும் இருக்கணும்.

ஜூன் 5, காலை 10.05 | சந்திப்பிழை

வாக்கியத்தை பிரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்களே ஐயா!

ஜூன் 5, காலை 10.50 | அரைப்புள்ளி

அந்தத் தடையைக் கிளப்பியவர்களில் முதன்மையானவர் கவிஞர் ஜான் டிரைடன், 1672-இல். நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளைக் குறைசொல்லும்போது எழுதினார். லத்தீனில் பிரெபொசிஷன் பெயரைவிட்டுப் பிரிந்து கடைசியில் போய் நிற்காது. அந்த அளவுகோலை ஆங்கிலத்தின்மேல் வைத்த காலம் அது. 1762-இல் ராபர்ட் லவுத் தம் இலக்கண நூலில், முடிவில் வைப்பது பேச்சுக்கும் கடிதத்துக்கும் இயல்பு, கம்பீரமான நடைக்கு முன்னால் வைப்பது நல்லது என்றார். ஆங்கிலம் இந்த வழக்கின் பக்கம் சாய்ந்தது என்று அவர் எழுதிய அந்த வாக்கியமே 'டு'-வில் முடிகிறது. 1926-இல் ஆங்கில வழக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் இதை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். உத்தியோகக் கடிதத்தில் 'டு விச்', 'இன் விச்' வைத்துக்கொள்ளுங்கள், அழகாயிருக்கும். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பதை மாற்றப் போகாதீர்கள்.

சர்ச்சில் சொன்னதாக ஒரு நகைச்சுவை சுற்றுகிறது: 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது) என்பதைப் பிய்த்து 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று எழுதியது. அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. போகட்டும், அதில் கேட்கும் விகாரம் பிரெபொசிஷனால் வந்ததில்லை, கூடவே 'அப்' என்ற பார்ட்டிகிளையும் முன்னால் இழுத்ததால் வந்தது. முதல் நாள் சொன்ன இரண்டாவது சோதனை.

ஜூன் 5, இரவு 9.30 | வால்மீன்

வேலையில் தினமும் மாட்டிக்கொள்வது 'பை', 'அன்டில்', 'விதின்'. 'வெள்ளிக்குள் முடிக்கிறேன்' எப்படி எழுதணும்?

ஜூன் 6, காலை 6.40 | ஒற்றெழுத்து

'-க்குள்' தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. பின்னால் ஒரு புள்ளி (கிழமை, தேதி, மணி) வந்தால் 'பை': 'பை ஃப்ரைடே'. நீளம் (இரண்டு நாள், ஒரு வாரம்) வந்தால் 'விதின்': 'விதின் டூ டேஸ்'. 'விதின் ஃப்ரைடே' எங்கும் செல்லாது.

'-வரை' என்றால் 'அன்டில்', செயல் அதுவரை தொடர்கிறது: 'ஐ வில் வெயிட் அன்டில் ஃப்ரைடே'. முடிப்பது ஒரு கணத்தில் நடப்பது, தொடராது. அதனால் 'ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே' தப்பு. எதிர்மறையானால் புரண்டுவிடும்: 'ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைதான் முடியும், அதற்கு முன் இல்லை.

'இன் டூ டேஸ்' என்றால் இன்றிலிருந்து இரண்டாம் நாள் முடிவில். 'விதின் டூ டேஸ்' என்றால் நாளைக்கே வந்தாலும் வரலாம். 'பை ஃப்ரைடே'-இல் வெள்ளிக்கிழமையும் அடக்கம்; வழக்கு வரும் இடமென்றால் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதிவிடுங்கள், சண்டை மிச்சம்.

மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது இது: 'இன் த மார்னிங்', ஆனால் கிழமை சேர்ந்தால் 'ஆன் மண்டே மார்னிங்'. 'நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி' முன்னால் வந்தால் எதுவுமே வேண்டாம்: 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' இல்லை, 'நெக்ஸ்ட் மண்டே'.

ஜூன் 6, காலை 8.15 | அரைப்புள்ளி

'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' இன்னும் யாரும் சொல்லவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியில் நடக்கும் பிழை. அந்த 'டு' பிரெபொசிஷன். வினையின் முன்னால் வரும் 'டு' இல்லை. பின்னால் பெயர் வைத்துப் பாருங்கள்: 'லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்'. நிற்கிறதா? அப்படியானால் வினை வந்தாலும் '-இங்': 'டு மீட்டிங் யூ'. 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'வித் எ வியூ டு' எல்லாம் இந்த ரகம். 'யூஸ்ட் டு' இரட்டை வேடம்: 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பு நடப்பேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழக்கம். பெயர் சோதனை இரண்டாவதில்தான் தேறும்.

ஜூன் 7, காலை 11.20 | சந்திப்பிழை

குட்டிச் சொல்லுக்கெல்லாம் வீடு கண்டுபிடித்தாயிற்று. அப்பாஸ்ட்ரஃபி 'எஸ்' யார் வீட்டில்?

ஜூன் 7, மதியம் 1.10 | அரைப்புள்ளி

சொல்லின் விகுதி போலத் தோன்றும். ஆனால் அது ஒட்டுவது முழுச் சொற்றொடரின் வாலில். 'த மேன் நெக்ஸ்ட் டோர்'ஸ் டாக்': நாய் கதவுடையதில்லை, ஆளுடையது. 'த கிங் ஆவ் ஸ்பெயின்'ஸ் டாட்டர்': ஸ்பெயினுக்கு மகள் இல்லை, அரசருக்கு. இடைக்கால ஆங்கிலத்தில் அது உண்மையான விகுதியாக, தலைச்சொல்லில்தான் ஒட்டியது. 'த கிங்'ஸ் டாட்டர் ஆவ் ஸ்பெயின்' என்ற வரிசையில் எழுதினார்கள். பிறகு வால் பக்கம் நகர்ந்துவிட்டது. தமிழில் தலைச்சொல்லே கடைசியில் வருவதால் ('பக்கத்து வீட்டு ஆளின் நாய்') நமக்கு இந்தப் பிரச்சினையே எழவில்லை.

இருவர் சேர்ந்தால் இதுவே கணக்கு. 'ஜான் அண்ட் மேரி'ஸ் ஹவுஸ்' ஒரே வீடு, இருவருக்கும். 'ஜான்'ஸ் அண்ட் மேரி'ஸ் ஹவுசஸ்' ஆளுக்கொன்று. பிரதிப்பெயர் கலந்தால் மட்டும் தனித்தனியே: 'மை வைஃப்'ஸ் அண்ட் மை ஹவுஸ்'. அதுவும் கேட்க நன்றாயில்லை, 'அவர் ஹவுஸ்' என்று தப்பித்துக்கொள்ளுங்கள்.

பன்மையில் குறி எங்கே என்று தடுமாறுபவர்கள் இரண்டு கட்டமாகச் செய்யவும். முதலில் உடைமையை மறந்து, உடையவரை மட்டும் எழுதுங்கள்: பாய்ஸ், சில்ட்ரன், விமன். பிறகு கடைசி எழுத்தைப் பாருங்கள். பன்மை 'எஸ்'-இல் முடிந்தால் குறி மட்டும் (பாய்ஸ்'), இல்லையென்றால் குறியும் 'எஸ்'-உம் (சில்ட்ரன்'ஸ், விமன்'ஸ்). 'சில்ட்ரன்ஸ்'' என்று கடைசியில் குறி போட்ட பலகைகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால் வந்தவை. கால அளவுக்கும் இதே: 'எ வீக்'ஸ் நோட்டிஸ்', 'டூ வீக்ஸ்' நோட்டிஸ்'. சிறுகோடு போட்டால் குறியும் போச்சு, பன்மையும் போச்சு: 'எ டூ-வீக் கோர்ஸ்'.

ஜூன் 7, மதியம் 1.40 | வால்மீன்

பிறகு 'இட்ஸ்' உடைமைக்கு ஏன் குறி இல்லை? ஓரவஞ்சனைதானே?

ஜூன் 7, மதியம் 2.25 | ஒற்றெழுத்து

'ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ்' எதற்கும் குறி இல்லை. பிரதிப்பெயர்க் குடும்பமே அப்படி. 'இட்'ஸ்' என்று குறியோடு வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்', வேறில்லை. விரித்து வாசியுங்கள், பொருந்தாவிட்டால் குறியை எடுங்கள். 'ஹூ'ஸ் / ஹூஸ்', 'யூ'ஆர் / யுவர்' இரண்டுக்கும் அதே மருந்து.

வரலாறு கேட்டால், 'இட்ஸ்' ஆங்கிலத்துக்குப் பிந்தி வந்த சொல். அதற்கு முன் 'இட்' என்பதன் உடைமை 'ஹிஸ்'. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் உப்பு தன் சாரத்தை இழப்பதைச் சொல்லும் இடத்தில் 'ஹிஸ் சேவர்' என்றே இருக்கும். அந்த முதல் அச்சில் 'இட்ஸ்' ஓரிடத்திலும் இல்லை. லேவியராகமம் 25:5-இல் 'ஆவ் இட் ஓன் அக்கார்ட்' என்று 'எஸ்' இல்லாமல் நின்றதைப் பின்வந்த பதிப்புகள் 'இட்ஸ்' ஆக்கின. புதிதாக வந்த காலத்தில் குறியோடும் எழுதினார்கள், 18ஆம் நூற்றாண்டிலும் அப்படி அச்சான பக்கங்கள் கிடைக்கும். ஆக உங்கள் பிழைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது.

ஜூன் 8, காலை 7.05 | அரைப்புள்ளி

உயிரில்லாப் பொருளுக்கு 'எஸ்' போடலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: தடை இல்லை, ஆனால் 'மேசையின் கால்', 'கதவின் கைப்பிடி' மாதிரி எல்லாரும் ஒரே பொருளாக அறிந்தவற்றுக்கு ஆங்கிலம் உடைமையே கேட்பதில்லை. 'டேபிள் லெக்', 'டோர் ஹேண்டில்'. பெயரை அப்படியே முன்னால் வைத்தால் முடிந்தது. நம்மவர் எழுதும் 'த ஹேண்டில் ஆவ் த டோர்' தப்பில்லை, சுற்றுவழி. மனிதர், விலங்கு, நிறுவனம், காலம் இவற்றுக்கு 'எஸ்'. உடையவரை விவரிக்கும் தொடர் நீண்டால் 'ஆவ்': 'த ஹவுஸ் ஆவ் த மேன் ஹூ சோல்ட் அஸ் த கார்'. நாய் உதாரணத்தை நீட்டி, நாலு சொல்லுக்கு அப்பால் 'எஸ்' ஒட்டினால் எழுத்தில் தாங்காது.

'ஒன் ஆவ் மை ஃப்ரெண்ட்' என்று எழுதாதவர் யார்? 'ஒன் ஆவ் மை ஃப்ரெண்ட்ஸ்': பலரில் ஒருவர், பன்மை கட்டாயம். அதன் மேல் உடைமை ஏற்றி 'ஒன் ஆவ் மை ஃப்ரெண்ட்ஸ்' ஹவுஸ்' என்று போனால் வாசிப்பவருக்கு எத்தனை நண்பர், எத்தனை வீடு என்று தெரியாது. 'எ ஃப்ரெண்ட்'ஸ் ஹவுஸ்' என்று எழுதிவிட்டுப் போங்கள்.

ஜூன் 8, காலை 8.30 | சந்திப்பிழை

அமெரிக்காவில் ஊர்ப்பெயர்களில் இந்தக் குறியையே அரசு எடுத்துவிட்டதாமே?

ஜூன் 8, காலை 9.10 | ஒற்றெழுத்து

1890-இல் தொடங்கிய அவர்களுடைய நிலப்பெயர் வாரியம் உடைமைக் குறியை வழக்கமாக ஏற்பதில்லை. 'மார்த்தா'ஸ் வின்யார்ட்' 1933-இல் விலக்கு வாங்கியது. அப்படி வாங்கியவை விரல்விட்டு எண்ணுமளவு. விடுமுறைப் பெயரிலும் பாருங்கள்: 'வெட்டரன்ஸ் டே' அதிகாரபூர்வமாகக் குறி இல்லாதது. நாள் அவர்களுடையது என்ற உடைமைப் பொருள் இல்லை, அவர்களுக்கான நாள் என்று அடைமொழியாக நிற்கிறது. 'மதர்'ஸ் டே'-வில் குறி உண்டு, ஒருமையில். ஒரு சீரும் கிடையாது, பெயர்களை உள்ளபடி எடுத்து எழுதுவதுதான் வழி.

ஜூன் 8, இரவு 10.00 | வால்மீன்

கடைசியாக ஒன்று. 'எ ஃப்ரெண்ட் ஆவ் மை ஃபாதர்'ஸ்'. 'ஆவ்' ஆறாம் வேற்றுமை, 'எஸ்' ஆறாம் வேற்றுமை. இரண்டு தடவை எதற்கு?

ஜூன் 9, காலை 6.30 | அரைப்புள்ளி

'எ மை ஃபாதர்'ஸ் ஃப்ரெண்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. 'எ', 'மை' இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டி. 'என் அப்பாவின் ஒரு நண்பர்' என்பதை அப்படியே கொண்டுபோனால் 'மை எ ஃப்ரெண்ட்' என்று உளறுவது அதனால்தான். எனவே ஒன்றைப் பின்னால் அனுப்புகிறார்கள்: 'எ ஃப்ரெண்ட் ஆவ் மைன்', 'எ ஃப்ரெண்ட் ஆவ் மை ஃபாதர்'ஸ்'. 'மைன்' வரும் இடத்தில் 'மீ' வைக்க உங்களுக்கே கூசும்; 'ஃபாதர்'ஸ்' அந்த 'மைன்' இருக்கும் இடத்தில்தான் நிற்கிறது.

'எஸ்' இல்லாமல் 'எ ஃப்ரெண்ட் ஆவ் மை ஃபாதர்' என்றாலும் நண்பர் விஷயத்தில் குற்றமில்லை. படம் என்றால் விடாதீர்கள்: 'எ பிக்சர் ஆவ் ஜான்' என்பதில் படத்துக்குள் ஜான் இருக்கிறான், 'எ பிக்சர் ஆவ் ஜான்'ஸ்' என்பதில் படம் அவன் வைத்திருப்பது, உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 'தட்', 'திஸ்' முன்னால் வரும்: 'தட் டாக் ஆவ் ஹிஸ்'. 'த டாக் ஆவ் ஹிஸ்' என்று வெறும் 'த' போட்டு நிறுத்த முடியாது. பின்னால் 'தட் பிட் மீ' மாதிரி ஏதாவது வந்தால்தான் செல்லும்.